கண்மாய் வெளியில் ஒரு பொய்க்குரல்

தை கழிந்து மாசி பிறக்கும் நேரத்தில் முதுகுளத்தூர், கடலாடி, கமுதிப் பக்கம் போகிறவருக்கு நிலத்தின் விரிவு முழுவதும் ஒரே பார்வையில் தெரியும். அறுத்த வயலில் தாள் மட்டும் நிற்கும். மிளகாயும் பருத்தியும் இடுப்பளவுக்கு மேல் இல்லை. கண்மாயில் நீர் உள்வாங்கிக் கரம்பை வெடிக்கத் தொடங்கியிருக்கும். அங்கங்கே பனை, நடுவே கருவைக்காடு, கடல் நெருங்க நெருங்க உவர்நிலமும் உப்பளமும். மலையும் இல்லை, பெருமரக் காடும் இல்லை. விடியலுக்கு முன் காற்று அடங்கியிருக்கும்போது இந்த வெளியில் கௌதாரியின் கூவல் வெகுதூரம் கேட்கும். கருவைத் தூருக்குள்ளும் வரப்போரத்துப் புல்லுக்குள்ளும் மறைந்து வாழும் உயிர்கள் ஒன்றையொன்று கண்ணால் தேடுவதைவிடக் காதால் தேடுவதே அதிகம்.

அந்தக் காதைத்தான் வேட்டைக்காரர் ஏமாற்றுகிறார். விலங்கைத் துரத்திக்கொண்டு ஓடாமல், அதன் இணையின் குரலையோ எதிரியின் குரலையோ இரையின் கதறலையோ கேட்கவைத்து, அது தானாகவே தன்னிடம் வரும்படி செய்வது உலகெங்கும் உள்ள பழைய உத்தி. அண்மைக் காலம் வரை இதற்கு மனிதத் தொண்டை வேண்டும், அல்லது பழக்கிய ஒரு பறவை வேண்டும். இன்று ஒரு செல்போனும் ஒரு ஸ்பீக்கரும் போதும். அமெரிக்காவின் மேற்குப் புல்வெளிகளில் கயோட்டி வேட்டைக்காரர்கள் இதற்கென்றே தனிக் கருவிகளை வளர்த்தெடுத்தார்கள். கயோட்டி நம் நரியின் பேரினத்தைச் சேர்ந்தது. நரியைவிடச் சற்றுப் பெரியது. அதுபோலவே அந்தியில் கூட்டமாக ஊளையிடுவது. இந்தியச் சமவெளிகளில் அதே உத்தி பெரும்பாலும் காடையையும் கௌதாரியையும் குறிவைக்கிறது. ஆய்வாளர்கள் அதே ஒலியை நரிகளை எண்ணுவதற்குப் பயன்படுத்துகிறார்கள். படமெடுப்பவர்கள் பறவையைக் கிளைநுனிக்கு வரவைக்கப் பயன்படுத்துகிறார்கள். கருவி ஒன்று, கைகள் பல. இராமநாதபுரம் போன்ற ஒரு திறந்த நிலத்தில் அதற்கு எங்கே இடம் உண்டு, எங்கே இல்லை என்பதை வரலாறு, உயிரியல், சட்டம் மூன்றையும் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கொல்வதற்கு இங்கே அதற்கு இடமே இல்லை. எண்ணுவதற்கு இடம் உண்டு. அந்த இரண்டாவது வேலையை நாம் இன்னும் உருப்படியாகத் தொடங்கவில்லை என்பது என் முடிவு.

பழைய சான்றிலிருந்து தொடங்கலாம். புறநானூற்றின் 320ஆம் பாடல், வீரை வெளியனார் பாடியது, ஒரு வேட்டுவன் வீட்டு முற்றத்தைக் காட்டுகிறது. வேட்டுவன் அயர்ந்து தூங்குகிறான். பிற மான்களை ஈர்ப்பதற்காக அவன் பழக்கி வைத்திருக்கும் பெண்மானோடு காட்டிலிருந்து வந்த ஒரு கலைமான் விளையாடுகிறது. கணவன் விழித்துக்கொள்வானோ, கலை ஓடிவிடுமோ என்று அஞ்சி மனைவி அசையாமல் இருந்துவிடுகிறாள். தோலில் உலரப் போட்ட தினையைக் கானக்கோழியும் இதலும் வந்து கொத்துகின்றன. ஒரு விலங்கைக் கொண்டே அதன் இனத்தைப் பிடிக்கும் வேட்டை தமிழ் நிலத்தில் எவ்வளவு பழையது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அந்த வேட்டையின் வெற்றி எதைச் சார்ந்திருக்கிறது என்பதையும் பாடல் காட்டிவிடுகிறது. கலைமான் வந்துவிட்டது, ஆனால் வேட்டுவன் தூங்குகிறான். கண்ணி வைத்தவனின் உடல் களைத்தால் வேட்டையும் நின்றுபோகும்.

கௌதாரி பிடிப்பது இதன் நேர் வாரிசு. குஞ்சிலேயே எடுத்து வளர்த்த சேவல் கௌதாரியைக் கூண்டில் வைத்துப் புதருக்கு அருகே விடுவார்கள். அது கூவும். தன் எல்லைக்குள் அந்நியக் குரல் கேட்டதும் அந்த இடத்துக்குரிய சேவல் சண்டைக்கு வரும், சுற்றிலும் கண்ணி. இந்த வித்தைக்கு நல்ல குரலுள்ள பறவை வேண்டும். அதற்குத் தீனி போட வேண்டும், பயம் தெளிவிக்க வேண்டும், மாதக்கணக்கில் தோளில் சுமந்து பழக்க வேண்டும். நன்றாகக் கூவும் கௌதாரி வைத்திருப்பவர் ஊருக்கு ஓரிருவர்தான் இருப்பார்கள்.

நரியின் விஷயத்தில் இந்தத் திறமை மனிதத் தொண்டையிலேயே இருந்தது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளில் குருவிக்காரர்களின் நரி வேட்டையையும் பதிவு செய்திருக்கிறார். நரியின் ஊளையை அப்படியே எழுப்பி நரிகளை வலைப் பக்கம் வரவைப்பார்கள். தோலில் பை செய்வார்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பிந்தைய திருத்தங்களும் வந்தபோது இந்த வாழ்க்கைமுறை குற்றமாகிவிட்டது. மாற்றுத் தொழிலுக்கான வழி உடன் வரவில்லை. நரிக்குறவர், குருவிக்காரர் ஆகியோர் தமிழ்நாட்டின் பழங்குடிகள் பட்டியலில் சேர்க்கப்பட்டது 2023 தொடக்கத்தில்தான். இடையே கடந்தது அரை நூற்றாண்டு. அந்த மக்களை நரி குறைந்ததற்குப் பொறுப்பாக்கும் பேச்சு இன்றும் காதில் விழுகிறது. மேய்ச்சல் நிலமும் புதரும் வீட்டுமனையாகி, தெருநாய்க் கூட்டம் பெருகி, எலிக்கு வைத்த விஷம் எலி தின்னும் விலங்குக்கும் போய்ச் சேர்ந்த ஒரு காலத்தில், ஒரு சிறு சமூகத்தின் வலையைக் காரணம் காட்டுவது நேர்மையானதல்ல.

அந்தத் தொண்டைத் திறமை எங்கே போய்ச் சேர்ந்திருக்க முடியும் என்பதற்கு வடநாட்டில் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. பீகாரின் மிர்ஷிகார் சமூகத்தினர் பரம்பரையாகப் பறவை பிடிப்பவர்கள். அவர்களில் ஒருவரான அலி ஹுசைன், பறவைகளின் காலில் வளையமிட்டு வலசையை ஆராயும் பணியில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துடன் பல ஆண்டுகள் வேலை செய்தார். பறவைக்குக் காயம் படாமல் பிடிக்கத் தெரிந்த கை ஆய்வுக்கு எவ்வளவு அவசியம் என்பதைப் பறவையியலாளர் சாலிம் அலி உணர்ந்திருந்தார். மன்னார் வளைகுடாவின் கரையோரப் பறவைகளை 1980களில் மண்டபம் பகுதியில் ஆராய்ந்த எஸ். பாலச்சந்திரனும் அந்தக் கழகத்தைச் சேர்ந்தவரே. குரலெழுப்பி நரியை அழைக்கத் தெரிந்த முதியவர்கள் நம் மாவட்டங்களிலும் இருந்தார்கள். அவர்களை ஆய்வுக்கு அழைத்திருக்க வேண்டிய காலம் கடந்துகொண்டிருக்கிறது.

இனி கருவிக்கு வருவோம். டெக்சாஸ் மாநிலத்தின் மார்பிள் ஃபால்ஸ் ஊரைச் சேர்ந்த பர்ன்ஹாம் சகோதரர்கள் முயல் வலியில் கதறும் ஒலியை எழுப்பும் ஊதுகுழல்களை விற்றார்கள். 1960களில் அதே மாநிலத்தின் ஜானி ஸ்டூவர்ட் உண்மையான விலங்குக் குரல்களைப் பதிந்து இசைத்தட்டாகவும் ஒலிநாடாவாகவும் விற்கத் தொடங்கினார். 1990களின் இறுதியிலிருந்து டிஜிட்டல் கருவிகள் வந்தன. இப்போதைய ஒரு பெட்டியில் நூற்றுக்கணக்கான குரல்கள் அடங்கும்: முயல், எலி, மான்குட்டி, குட்டிக் கயோட்டி, எல்லைக்குள் புகுந்த அந்நியக் கயோட்டி. கையில் ரிமோட்.

திறந்த வெளிக்கு இந்தக் கருவி ஏன் பொருந்தியது என்பதை விளக்க வேண்டும். நாயினத்து விலங்கு ஒலி வந்த இடத்தை ஏறத்தாழப் பிசகாமல் கண்டுபிடிக்கும். ஊதுகுழலை வாயில் வைத்திருப்பவர் எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ அந்தப் புள்ளியை நோக்கியே அதன் இரு கண்களும் வரும்; மறைப்பில்லாத வெளியில் அவர் கை அசைந்தாலே வேட்டை கெடும். பெட்டியை ஐம்பது, நூறு மீட்டர் தள்ளி வைத்துவிட்டால் விலங்கின் கவனம் அதன்மேல் போகிறது, மனிதன் தப்பிவிடுகிறான். ஆனால் கயோட்டி நேராக ஒலியை நோக்கி வருவதும் குறைவு. வளைந்து, காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் சுற்றிவந்து, முதலில் மோந்து பார்க்கும். காது சொன்னதை மூக்கு உறுதி செய்த பிறகே கால் முன்னேறும். ஒருமுறை ஏமாந்து உயிர்தப்பிய விலங்கு அந்தக் குரலை மறப்பதில்லை. அதனால்தான் பெட்டிக்குள் குரல்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது.

இவ்வளவு உழைப்பும் செலவும் எதைச் சாதித்தன? அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் கயோட்டிகள் கொல்லப்படுவதாக அங்குள்ள பாதுகாப்பு அமைப்புகள் மதிப்பிடுகின்றன. விஷம், பொறி, துப்பாக்கி, விமானம் எல்லாம் நூறாண்டுக்கு மேலாகப் பயன்பட்டிருக்கின்றன. இருந்தும் 1900 வாக்கில் பெரும்பாலும் மேற்கிலும் நடுப்புல்வெளிகளிலும் இருந்த கயோட்டி இன்று அட்லாண்டிக் கரை வரை பரவி, பெருநகரங்களின் பூங்காக்களுக்குள்ளும் வாழ்கிறது. ஓநாய் ஒழிந்த இடத்தை அது நிரப்பியது ஒரு காரணம். எல்லை காக்கும் மூத்த இணை சுடப்பட்டால் கூட்டம் உடைந்து, அதுவரை குட்டி போடாத இளம் பெண்களும் குட்டி போடத் தொடங்குகின்றன என்பது சில ஆய்வாளர்கள் சொல்லும் இன்னொரு காரணம். பரிசுக்காகக் கயோட்டி சுடும் போட்டிகளை 2014இல் கலிபோர்னியாவும் 2019இல் நியூ மெக்சிகோவும் தடை செய்தன. ஆட்டுக்குட்டியைக் காப்பாற்றுவதற்காக என்று தொடங்கிய ஒரு முறை, ஆட்டுக்குட்டியோடு தொடர்பில்லாத பொழுதுபோக்காக மாறிவிட்டதை அந்த மாநிலங்கள் கண்டுகொண்டன.

பறவைகளின் கதை வேறு. கயோட்டி பெருகியது, பறவை குறைந்தது. காடை இரவில் வலசை போகும் பறவை. கீழே ஒரு வயலிலிருந்து சேவல் காடையின் மூன்றசைக் கூவல் விடாமல் கேட்டால், மேலே பறந்துகொண்டிருப்பவை அங்கே நல்ல இடம் இருப்பதாக எண்ணி இறங்கிவிடும். இரவு முழுக்க ஒலிக்கவிட்டு விடியலில் வலையை இழுத்தால் போதும். எகிப்தின் மத்தியதரைக் கரையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு விரிக்கப்படும் வலைகளோடு இந்த ஒலிக்கருவிகளும் சேர்ந்தபோது பன்னாட்டு வலசை உடன்படிக்கைகள் அதைத் தனிப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டன. சைப்ரஸில் சிறு பாடும் பறவைகளை மூடுபனி வலைக்குள் இழுப்பதும் இதே முறையில்தான். பாகிஸ்தானிலும் இந்தியச் சமவெளிகள் பலவற்றிலும் காடைக் குரல் ஒலிக்கும் ஸ்பீக்கர் ஒரு வழக்கமான பொருளாகிவிட்டது.

ஐரோப்பா இந்தக் கருவியையே பெயர் சொல்லித் தடுத்தது. 1979இன் பறவைகள் ஆணை, அதே ஆண்டின் பெர்ன் உடன்படிக்கை இரண்டும் தடைசெய்யப்பட்ட வேட்டை முறைகளின் பட்டியலில் கண்ணி, பிசின், கண் குருடாக்கிய ஈர்ப்புப் பறவை ஆகியவற்றோடு ஒலிப்பதிவுக் கருவியையும் சேர்த்தன. அமெரிக்காவே கயோட்டிக்கு அனுமதிக்கும் ஒலிக்கருவியை வலசை வரும் வேட்டைப் பறவைகளுக்கு எதிராகப் பயன்படுத்த அனுமதிப்பதில்லை. அளவுக்கு மீறிப் பெருகிவிட்ட பனிவாத்துகளுக்கு மட்டும் 1999இல் விலக்கு அளித்தது. வேட்டையை ஒரு உரிமையாகக் கருதும் நாடுகள் கூட, இந்தக் கருவி பறவைக்குத் தப்பிக்கும் வாய்ப்பைப் பறிக்கிறது என்று ஒப்புக்கொண்டன. எனக்கு இது முக்கியமான சான்றாகப் படுகிறது.

இந்தியச் சட்டம் வேறு வழியில் போகிறது. இங்கே வேட்டையே கூடாது. ஆகவே வேட்டைக் கருவிகளைப் பட்டியலிட வேண்டிய தேவை எழவில்லை. 1972 சட்டத்தின் 2(16) பிரிவு கொல்வது, விஷம் வைப்பது, பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, இரைகாட்டி ஈர்ப்பது, இவற்றுக்கான முயற்சி அனைத்தையும் வேட்டை என்கிறது. 9ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. குற்றத்துக்குப் பயன்பட்ட வாகனம், ஆயுதம், பொறி, கருவி அரசுடைமையாகும் என்கிறது 39ஆம் பிரிவு. 2022 திருத்தத்துக்குப் பின் முதல் அட்டவணையிலுள்ள விலங்கை வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டுச் சிறை. நரி அந்த அட்டவணையில் இருக்கிறது. தாளில் பார்த்தால் ஓட்டையே இல்லை. நடைமுறையில் ஓட்டை வேறு இடத்தில். வலையோடு பிடிபட்டவர்மீது வழக்குப் போடலாம். வயலில் காடைக் குரலை ஒலிக்கவிட்டுக்கொண்டு நிற்பவரிடம் வலை கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வது? அவர் கையில் இருப்பது ஒரு புளூடூத் ஸ்பீக்கர், கடையில் எல்லோரும் வாங்குவது. இரவில் ஒரு கண்மாய்ப் பரப்பில் பதிவுசெய்த விலங்குக் குரலை ஒலிபரப்புவதே அனுமதி தேவைப்படும் செயல் என்று விதி இருந்தால் வனக்காப்பாளரின் வேலை பாதியாகக் குறையும். மாநில அரசு இந்த விதியைச் செய்ய வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கமில்லை.

காடைக்கறிக்கு வேறு வழியே இல்லையா என்றால், உண்டு. பண்ணையில் வளர்வது ஜப்பானியக் காடை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நந்தனம் காடை, நாமக்கல் காடை என்று இரகங்களை உருவாக்கியே கொடுத்திருக்கிறது. ஊர்தோறும் கடைகளில் கிடைக்கிறது. காட்டுக் காடைக்குத் தனி மருத்துவ குணம் உண்டு என்ற நம்பிக்கைதான் வலையை உயிரோடு வைத்திருக்கிறது. தேவை வயிற்றிலிருந்து வரவில்லை, நம்பிக்கையிலிருந்து வருகிறது என்றால், வலை பிடிப்பவரை மட்டும் தண்டித்து இது தீராது. வாங்குபவரிடமும் பேச வேண்டும்.

நரிக்கும் இதே கதிதான். நரிக்குக் கொம்பு கிடையாது. ஆனாலும் நரிக்கொம்பு அதிர்ஷ்டம் தரும் என்று விற்கிறார்கள், வாங்குகிறார்கள். மண்டையோட்டுத் துண்டும் முடியும் சேர்த்துச் செய்த ஒரு பொருளுக்காக விலங்கு சாகிறது. சேலம் மாவட்டம் வாழப்பாடி வட்டாரத்தில் பொங்கலையொட்டி வங்கா நரியை வலையில் பிடித்து ஊர்வலம் விட்டு மறுபடி விடும் வழக்கம் இருக்கிறது. வனத்துறை அபராதம் விதித்து வருகிறது. 2020 ஜூனில் திருச்சி மாவட்டம் ஜீயபுரம் பக்கம் இறைச்சிக்குள் வெடிமருந்து வைத்த உருண்டையைக் கடித்து ஒரு நரி இறந்தது. 12 பேர் கைதானார்கள். காட்டுப்பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காயைக் கடிப்பது பன்றி மட்டுமல்ல, மோப்பம் பிடித்து முதலில் வரும் எந்த விலங்கும்தான். இராமநாதபுரத்துக் கருவைக்காடுகளில் பன்றியும் புள்ளிமானும் பெருகி மிளகாய், நெல், நிலக்கடலையை அழிப்பது உண்மையான துயரம். ஆழ நட்ட பயிர் ஓர் இரவில் புரட்டப்பட்டிருப்பதைப் பார்க்கும் விவசாயியின் கோபத்தை எந்தச் சட்டப் பிரிவும் தணிக்காது. 2025 ஜனவரியில் தமிழக அரசு, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியை வனத்துறையினரே சுடலாம் என்று அறிவித்தது இந்தக் கோபத்தின் விளைவு. அந்த அனுமதி அவுட்டுக்காய்க்கும் ஊர்த் துப்பாக்கிக்கும் மறைமுக உரிமமாக மாறிவிடக் கூடாது. பன்றிக்குட்டியைத் தின்னும் சில விலங்குகளில் நரியும் ஒன்று. மயில் பெருகியதற்கு நரி குறைந்ததே காரணம் என்று இந்த மாவட்டத்து விவசாயிகள் பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். அதை நிரூபிக்கும் கணக்கு வேண்டுமென்றால் முதலில் நரியின் கணக்கு வேண்டும்.

நரியோடு நேரடிப் பகை கொண்டவர்கள் விவசாயிகளைவிட ஆட்டுக்காரர்கள். இராமநாதபுரத்துக் கீதாரிகள் மழைக்குப் பின் கிடையோடு தஞ்சை, நாகைப் பக்கம் வரை நடந்து வயல்களில் கிடை போடுகிறவர்கள். திறந்த வெளியில் வலைக்குள் ஆடு, கொடாப்புக்குள் குட்டி, ஓரத்தில் நாய், முறைவைத்துக் கண்விழிக்கும் ஆள். நரி பெரிய ஆட்டைத் தொடாது. கொடாப்புக்கு வெளியே விட்ட குட்டியைத்தான் தூக்கும். நூற்றாண்டுகளாக நடந்துவரும் இந்த ஏற்பாட்டில் நரியைக் கொல்லும் வேலை எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். காவல் இருக்கிறது, அடைப்பு இருக்கிறது, இடமாற்றம் இருக்கிறது. அமெரிக்க ஆட்டுப் பண்ணைகள் கயோட்டிக்கு எதிராக இப்போது காவல் நாய்களுக்கும் இரவு அடைப்புக்கும் திரும்பிக்கொண்டிருக்கின்றன. நம் கீதாரிகள் அதை விட்டு விலகவே இல்லை. கடற்கரையில் பங்குனி ஆமைகளின் முட்டைக் குழிகளை நாயும் நரியும் தோண்டும் பிரச்சினைக்கும் தீர்வு இதே வகைதான். தனுஷ்கோடிப் பக்கம் அரிச்சல்முனை, எம்.ஆர். சத்திரம் கரைகளில் வனத்துறை முட்டைகளைச் சேகரித்து வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைத்துப் பாதுகாத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. ஒரு நரியையும் சுடாமல் நடக்கும் வேலை இது.

ஆக, கயோட்டி வேட்டைக்குச் சொல்லப்படும் எந்தக் காரணமும் இங்கே பொருந்தவில்லை. ஆனால் அந்த வேட்டை வளர்த்தெடுத்த உத்தியை அப்படியே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. நரி இரவில் திரிவது, புதரில் மறைவது; பார்த்து எண்ணுவது கடினம். ஆனால் தன் எல்லைக்குள் அந்நிய ஊளை கேட்டால் பதில் ஊளையிடும் இயல்பு அதற்கு உண்டு. கிரீஸ், ஹங்கேரி, செர்பியா, பல்கேரியா ஆகிய நாடுகளில் ஆய்வாளர்கள் அந்தியில் ஒரு மேட்டில் நின்று பதிவுசெய்த ஊளையைச் சில நொடிகள் ஒலிக்கவிட்டு, சில நிமிடங்கள் காதுகொடுத்து, பதில் வந்த திசையையும் எத்தனை கூட்டங்கள் என்பதையும் குறித்துக்கொள்கிறார்கள். வங்கதேசத்தில் நடந்து 1996இல் வெளியான ஒரு ஆய்வு இன்னும் நுட்பமானதைக் கண்டது: ஒரு பருவத்தில் நரிகள் ஊளையிட்டுப் பதில் சொன்னன, வேறொரு பருவத்தில் ஒலி வந்த இடத்துக்கு நேரிலேயே வந்து நின்றன. பதில் ஊளை வராததால் நரி இல்லை என்று எழுதிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை அந்த ஆய்வில் இருக்கிறது. பருவம் பார்த்து, ஒரே இடத்தில் அடிக்கடி ஒலிக்காமல், பதில் கிடைத்ததும் நிறுத்தி, இரவில் ஓரிரு முறைக்கு மேல் தொந்தரவு செய்யாமல் நடத்தினால் விலங்குக்குப் பெரிய கேடில்லை. அந்நியக் குரலை விடாமல் கேட்கும் இணை தன் எல்லையைக் காப்பதில் நேரத்தைச் செலவிட்டு இரைதேடலையும் குட்டிகளையும் கவனிக்காமல் போகும்; அதனால்தான் இந்த வரம்புகள்.

இதே வரம்புகள் பறவைப் படம் எடுப்பவர்களுக்கும் பொருந்தும். 2005இல் தொடங்கிய செனோ-காண்டோ போன்ற இணைய ஒலிக்களஞ்சியங்களும் பறவைக்குரல் செயலிகளும் எந்தப் பறவையின் குரலையும் யார் கையிலும் கொடுத்துவிட்டன. கற்பதற்கு அவை பெரும் கொடை. நானே அவற்றால் பயன்பெறுகிறவன். ஆபத்திலுள்ள சில இனங்களின் பதிவுகளை அந்தக் களஞ்சியமே பொதுமக்களுக்குத் திறக்காமல் வைத்திருக்கிறது, பிடிப்பவர்கள் பயன்படுத்திவிடுவார்கள் என்பதால். தனுஷ்கோடியில் 524.7 ஹெக்டேர் பரப்பு 2025 ஜூனில் பெரும் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பிறகு அங்கே கேமராவோடு வருபவர்கள் பெருகுவார்கள். கூடு கட்டும் காலத்தில் ஒரு பறவையை நல்ல வெளிச்சத்துக்கு இழுக்க அதன் எதிரியின் குரலைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடுவது, வலை இல்லாவிட்டாலும், அந்தப் பறவையின் உழைப்பைத் திருடுவதே. சரணாலயங்களின் நுழைவாயில் பலகையில் இந்த ஒரு தடையை எழுதி வைக்கலாம்.

ஒலியின் விஷயத்தில் இந்த வட்டாரம் உலகுக்கே சொல்லிக்கொடுக்கக் கூடியது ஒன்று உண்டு. பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள் கண்மாயில் கூடு கட்டியிருக்கும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. தலைமுறைகளாக இருக்கும் வழக்கம். அங்கே யாரும் சட்டம் காட்டி மிரட்டவில்லை. பொய்க்குரலுக்கு எதிரான விதியும் இப்படி ஊரின் விதியாக மாறினால்தான் நிற்கும். அதற்குப் பஞ்சாயத்துத் தீர்மானம் ஒரு நல்ல தொடக்கம்: எங்கள் கண்மாய்ப் பரப்பில் இரவில் பறவைக் குரலோ விலங்குக் குரலோ ஒலிபரப்பக் கூடாது, கண்டால் வனத்துறைக்குச் சொல்வோம் என்று.

கணக்கெடுப்பை எங்கே தொடங்குவது என்பதற்கும் பதில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர்–கீழச்செல்வனூர், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை ஆகியவை இந்த மாவட்டத்துப் பறவைச் சரணாலயங்கள். முதல் இரண்டும் 2022இலும் கடைசி இரண்டும் 2025இலும் ராம்சார் ஈரநிலங்களாயின. பருவமழைக்குப் பின் வனத்துறை இங்கே கல்லூரி மாணவர்களையும் தன்னார்வலர்களையும் வைத்துப் பறவைகளை எண்ணுகிறது. அதே நாட்களில் அந்தி சாய்ந்த பின் அதே ஆட்கள், வனஉயிரினக் காப்பாளர் அலுவலகத்தின் எழுத்து அனுமதியோடு, கண்மாய்க்கு ஓர் இடமாக நின்று நரி ஊளையை ஒலிக்கவிட்டுப் பதிலைக் குறித்துக்கொள்ளலாம். காற்றின் திசை, நிலவு, நேரம், பதில் வந்த பக்கம், எத்தனை குரல், அருகே தெருநாய்க் கூட்டம் உண்டா இல்லையா. ஒரு பக்கத் தாளில் அடங்கும். பதில் வராத கண்மாய்க்கு வேறொரு பருவத்தில் மறுபடி போக வேண்டும். கருவைக்காட்டில் கரிமூட்டம் போடுகிறவர்களும் கிடை போடும் கீதாரிகளும் நரி எந்தக் கரையில் குழி வைத்திருக்கிறது என்று ஏற்கெனவே அறிந்தவர்கள். நிற்க வேண்டிய இடங்களை அவர்களிடம் கேட்டுத் தேர்ந்தெடுத்து, அந்த வேலைக்கு அவர்களுக்குக் கூலியும் கொடுக்க வேண்டும்.